சுரங்கம் வேண்டாம் என்றதற்கு 25 கோடி டாலர் வழக்கு: எல் சல்வடோர் நிகழ்வு ஆய்வு

எல் சல்வடோர் மத்திய அமெரிக்காவில் உள்ள சின்ன நாடு. பரப்பு ஏறக்குறைய 21,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டை ஆறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு வரும். மக்கள் தொகை 60 லட்சத்துக்குச் சற்று மேல். அந்த நாட்டின் வடக்கே, கபான்யாஸ் மாவட்டத்தில், கனடாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் தங்கம் தோண்ட வந்தது. ஊர் மக்கள் வேண்டாம் என்றார்கள். அரசு அனுமதி தரவில்லை. நிறுவனம் ஒரு தடையற்ற வணிக ஒப்பந்தத்தைக் காட்டி அரசின் மீது வழக்குப் போட்டது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் நடந்த வழக்கில் 2016-ல் அரசு வென்றது. 2017-ல் உலோகச் சுரங்கத்தையே நாடு முழுவதும் தடை செய்தது.

இந்த வெற்றியைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எந்தக் காரணத்தால் வென்றார்கள் என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. இது போன்ற ஒப்பந்தங்களை எதிர்த்து நிற்பவர்களுக்கு அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். இதில் ஊர்க்காரர்கள், கொல்லப்பட்டவர்கள் யாரையும் பெயர் சொல்லி எழுதவில்லை. நிறுவனங்கள், பதவியில் இருந்தவர்கள் பெயர்கள் மட்டும் தேவையான இடத்தில் வரும்.

பின்னணி: ஆறு, போர், ஒப்பந்தம்

நாட்டின் பெரிய ஆறு லெம்பா. குவாதமாலாவில் பிறந்து, ஹோண்டுராஸைத் தொட்டு, எல் சல்வடோரின் குறுக்கே ஓடிக் கடலில் கலக்கிறது. தலைநகர் சான் சல்வடோரின் குழாய்த் தண்ணீரில் பெரும் பங்கும், நாட்டின் மின்சாரத்தில் கணிசமான பங்கும் இந்த ஒரே ஆற்றை நம்பித்தான். மற்ற ஆறுகளும் ஓடைகளும் பெரும்பாலும் ஏற்கனவே கெட்டுப்போனவை. கபான்யாஸ் மலைகளில் இறங்கும் நீர் லெம்பாவில்தான் போய்ச் சேரும்.

அந்தப் பகுதி மக்களுக்கு லெம்பாவோடு இன்னொரு உறவும் உண்டு. 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, 1981 மார்ச்சில், சாந்தா மார்த்தா என்ற ஊரையும் சுற்றுப்புற ஊர்களையும் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் ராணுவத்துக்குப் பயந்து லெம்பாவைக் கடந்து ஹோண்டுராஸுக்கு ஓடினார்கள். கடக்கும்போதே பலர் செத்தார்கள். பல ஆண்டுகள் அகதி முகாமில் இருந்துவிட்டு, 1987-ல், போர் முடிவதற்கு முன்பே, கூட்டமாகத் திரும்பி வந்து எரிந்த ஊரை மறுபடி கட்டினார்கள். முகாமில் இருந்தபோதே குழு சேர்ந்து முடிவெடுக்கவும், பள்ளி நடத்தவும், கணக்கு எழுதவும் பழகியிருந்தார்கள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது மிகவும் முக்கியம். சுரங்கத்துக்கு எதிரான இயக்கம் ஒரே நாளில் முளைத்ததில்லை. அது முகாமிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்த பழக்கம்.

போர் முடிந்ததும் வந்த அரசுகள் வெளிநாட்டு முதலீட்டை வரவேற்கச் சட்டங்களை வரிசையாக மாற்றின. 1990-களின் நடுவில் புதிய சுரங்கச் சட்டம். 1999-ல் முதலீட்டுச் சட்டம். 2001-ல் சுரங்கத்திலிருந்து அரசுக்குத் தர வேண்டிய உரிமத் தொகை வெறும் 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு நாட்டின் நாணயமே டாலராக மாறியது.

அப்புறம் காஃப்டா வந்தது. அமெரிக்காவுக்கும் மத்திய அமெரிக்க நாடுகளுக்கும் டொமினிக்கன் குடியரசுக்கும் இடையிலான தடையற்ற வணிக ஒப்பந்தம் அது. எல் சல்வடோர் சட்டமன்றம் (அந்த நாட்டின் நாடாளுமன்றம் அதுதான்) 2004 டிசம்பரில் அதை ஏற்றது. அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் 2005 ஜூலையில் 217-க்கு 215 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது. 2006 மார்ச் 1 அன்று, எல்லா நாடுகளுக்கும் முதலாக, எல் சல்வடோரில் நடைமுறைக்கு வந்தது. தெருவில் நடந்த எதிர்ப்பு பெரும்பாலும் விவசாய இறக்குமதி, மருந்து விலை, சிறு வியாபாரம் பற்றித்தான் இருந்தது. முதலீடு பற்றிய 10-ஆம் அத்தியாயத்தைச் சிலர்தான் படித்தார்கள். வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர், அரசின் முடிவால் தனக்கு நட்டம் என்று நினைத்தால், அந்த நாட்டின் நீதிமன்றத்தைத் தாண்டி நேராகப் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று சொல்வது அந்த அத்தியாயம்தான். அரசு முதலீட்டாளர் மீது அதே வழியில் வழக்குப் போட முடியாது. ஊர் மக்களும் போட முடியாது.

ஊர்க்காரர்கள் கண்டது

2002-ல் பசிபிக் ரிம் என்ற கனடா நிறுவனம், வேறொரு நிறுவனத்தை வாங்கியதன் வழியாக, சான் இசித்ரோ அருகே எல் தொராதோ என்ற பழைய சுரங்கப் பகுதியின் ஆய்வு உரிமத்தைப் பெற்றது. தங்க விலை ஏறத் தொடங்கிய காலம். நிறுவனத்தின் ஆட்கள் துளையிடும் எந்திரங்களோடு வந்தார்கள். வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களும் ஊரில் இருந்தார்கள். அதைத் தப்பென்று சொல்ல முடியாது. நாட்டின் மிக ஏழை மாவட்டங்களில் ஒன்று அது.

துளையிடும் வேலை நடந்த இடங்களில் ஊற்றுகள் வற்றுவதாக விவசாயிகள் சொல்லத் தொடங்கினார்கள். தங்கள் நிலத்தில் அனுமதி கேட்காமல் நுழைகிறார்கள் என்ற புகார்களும் எழுந்தன. 2004-ல் நிறுவனம் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைக் கொடுத்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட ஆவணம். பொதுமக்கள் பார்க்கக் கொடுத்த அவகாசம் பத்து வேலை நாள். நகல் எடுக்க அனுமதி இல்லை. சோளமும் பீன்ஸும் விதைக்கிற ஒருவர் தலைநகருக்குப் பஸ் ஏறிப் போய், பத்து நாள் உட்கார்ந்து, ரசாயனக் கணக்குகளைக் கையால் எழுதி எடுத்துவர வேண்டும் என்பது விதி. ஊர்க்காரர்கள் அயல்நாட்டு நீரியல் வல்லுநர் ஒருவரை அழைத்து, அந்த அறிக்கையைப் படிக்க வைத்தார்கள். சுரங்கம் தொடங்கும் முன் அந்த இடத்தின் நீர் எவ்வளவு, எப்படிப்பட்டது என்ற அடிப்படைத் தரவே அறிக்கையில் போதுமானதாக இல்லை என்று 2005-ல் அவர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தரவு இல்லையென்றால், பின்னால் நீர் கெட்டாலும் சுரங்கத்தால்தான் கெட்டது என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

முதல் முடிவு: போய்ப் பார்ப்பது

இந்த நிகழ்வில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. சாந்தா மார்த்தாவில் இயங்கிய வளர்ச்சிச் சங்கம், நிறுவனம் சொல்வதையும் நம்பவில்லை, எதிர்ப்பாளர்கள் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்கனவே தங்கம் தோண்டிய இடத்தைப் போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

அண்டை நாடான ஹோண்டுராஸில் சிரியா பள்ளத்தாக்கில் ஒரு திறந்தவெளித் தங்கச் சுரங்கம் நடந்துகொண்டிருந்தது. ஊர்த் தலைவர்கள், விவசாயிகள், பாதிரியார்கள் எனக் குழுக் குழுவாகப் போனார்கள். பாறையைத் தூளாக்கிக் குவித்து, அதன் மேல் சயனைடு கரைசலைத் தெளித்துத் தங்கத்தைக் கரைத்து எடுப்பதைப் பார்த்தார்கள். அங்கே குடியிருந்தவர்களோடு தண்ணீர் பற்றியும் தோல் நோய்கள் பற்றியும் உட்கார்ந்து பேசினார்கள். தங்கள் சொந்த நாட்டிலேயே லா யூனியன் மாவட்டத்தில் சான் செபஸ்தியான் என்ற கைவிடப்பட்ட சுரங்கம் இருந்தது. அதை ஒட்டி ஓடும் ஆறு செம்மஞ்சள் நிறம். கந்தகம் கலந்த பாறையை உடைத்துக் காற்றும் மழையும் பட விட்டால் அமிலம் ஊறும். அந்த அமிலம் இரும்பையும் மற்ற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கும். சுரங்கம் மூடிய பிறகும் அது நிற்பதில்லை.

திரும்பி வந்தவர்கள் ஊர்க் கூட்டங்களில் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். படம் காட்டினார்கள். நிறுவனம் 'பசுமைச் சுரங்கம்' என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தபோது, அதை மறுத்துப் பேசியது வெளியூர் ஆர்வலர் யாரும் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர். கண்ணால் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்லை விளம்பரத்தால் வெல்ல முடியவில்லை. 2007-ல் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகம் சுரங்கத் திட்டங்கள் உள்ள பகுதிகளில் எடுத்த கருத்துக் கணிப்பில் 62.5 சதவீதம் பேர் எல் சல்வடோர் சுரங்கத்துக்கு ஏற்ற நாடு இல்லை என்றார்கள்.

கடுமையான விதிகளா, முழுத் தடையா

2005-ல் பல ஊர்ச் சங்கங்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள், சட்ட அமைப்புகள், சபைகள் சேர்ந்து ஒரு தேசியக் கூட்டமைப்பை உருவாக்கின. எல்லோரும் அதை 'மேசை' என்றே அழைத்தார்கள். முதலில் அவர்களுக்குள் எழுந்த பெரிய கேள்வி, கடுமையான விதிகள் கேட்பதா, முழுத் தடை கேட்பதா என்பது.

விதிகள் கேட்பது நடுநிலையாகத் தெரியும். பேச்சுவார்த்தைக்கு எளிது. ஆனால் அவர்கள் முழுத் தடையைத் தேர்ந்தெடுத்தார்கள். விதி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அதைக் கண்காணிக்க ஒரு துறை வேண்டும், ஆய்வகம் வேண்டும், மிரட்டலுக்கும் பணத்துக்கும் மசியாத அதிகாரிகள் வேண்டும். அப்போதைய நிலையில் இவை எதுவும் நாட்டில் இல்லை. அதோடு, ஒரு சுரங்கத்தை நிறுத்தினால் அடுத்த மலையில் இன்னொன்று வரும். அப்போது பல நிறுவனங்கள் வடக்கு மாவட்டங்களில் ஆய்வு உரிமம் வைத்திருந்தன. ஆறோ ஒன்றுதான்.

இன்னொரு முடிவும் சேர்ந்தே எடுக்கப்பட்டது. போருக்குப் பிறகு நாடு இடது, வலது என்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. சாந்தா மார்த்தா இடதுசாரி ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். இதை அவர்கள் விவகாரம் என்று ஒதுக்கிவிட்டால் தோல்வி நிச்சயம். அதனால் திருச்சபையை அணுகினார்கள். அன்றைய பேராயர் அரசியலில் பழமைவாதி. ஆனால் துறவறத்துக்கு முன் வேதியியல் படித்தவர். சயனைடு என்றால் என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2007 மே மாதம் ஆயர்கள் பேரவை சுரங்கம் கூடாது என்று அறிக்கை விட்டது. அதன் பிறகு, தொழில் நிறுவனங்களுக்கு நெருக்கமான வலதுசாரி அதிபர் அந்தோனியோ சாகாவே, 2008 மார்ச்சில், அனுமதி தருவதற்கு எதிராகப் பேசினார். அடுத்து 2009-ல் பதவிக்கு வந்த இடதுசாரி அதிபர் மவுரிசியோ ஃபூனெஸும் அதே நிலையை எடுத்தார்.

அரசு எடுத்த அரைமுடிவு

இங்கே ஒரு குறை இருக்கிறது. இரண்டு அதிபர்களும் வாயால் சொன்னார்களே தவிர, சட்டமாக எதுவும் வரவில்லை. தடைச் சட்டத்துக்கான முதல் வரைவை மேசை 2006-லேயே நாடாளுமன்றத்தில் கொடுத்திருந்தது. அது கிடப்பில் கிடந்தது. நிறுவனத்தின் விண்ணப்பங்களுக்கு ஆம் என்றும் பதில் இல்லை, இல்லை என்றும் பதில் இல்லை. அரசு பேசாமல் இருந்தது.

காரணம் பயம்தான். எழுத்தில் மறுத்தால் வழக்கு வரும் என்று அமைச்சகங்கள் அஞ்சின. பேசாமல் இருந்தாலும் வழக்கு வந்தது.

வழக்கு

பசிபிக் ரிம் கனடா நிறுவனம். காஃப்டாவில் கனடா இல்லை. அப்படியானால் எப்படி வழக்குப் போட்டது? திட்டத்தின் பங்குகளைக் கைமன் தீவுகளில் பதிவான ஒரு துணை நிறுவனம் வைத்திருந்தது. 2007 டிசம்பரில் அந்தத் துணை நிறுவனத்தின் பதிவை அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துக்கு மாற்றினார்கள். இப்போது காகிதத்தில் அது அமெரிக்க நிறுவனம். 2009 ஏப்ரலில், வாஷிங்டனில் உலக வங்கிக் குழுமத்தின் கீழ் இயங்கும் இக்சிட் என்ற முதலீட்டுத் தகராறு மையத்தில் வழக்குத் தொடுத்தது. செலவழித்ததாகச் சொன்ன 7.7 கோடி டாலரில் தொடங்கிய கோரிக்கை, பின்னால் இழந்த லாபத்தையும் சேர்த்து 30 கோடியைத் தாண்டிப் போய், கடைசியில் 25 கோடியில் நின்றது.

2012 ஜூனில் நடுவர் மன்றம், காஃப்டாவின் கீழ் இந்த நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று சொன்னது. நெவாடாவில் வெறும் பதிவு மட்டும்தான், உண்மையான தொழில் எதுவும் இல்லை என்பது காரணம். ஊரில் கொண்டாடியிருப்பார்கள். ஆனால் வழக்கு முடியவில்லை. 1999-ல் எல் சல்வடோரே இயற்றிய முதலீட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இக்சிட்டுக்குப் போகலாம் என்று ஏற்கனவே ஒப்புக்கொண்டிருந்தது. அதை வைத்து வழக்கு தொடர்ந்தது.

எதிர்ப்பாளர்கள் பல ஆண்டு காஃப்டா என்ற முன்கதவில் காவல் இருந்தார்கள். பின்கதவைத் தங்கள் நாடாளுமன்றமே அதற்கும் ஏழு ஆண்டு முன்பு திறந்து வைத்திருந்தது. இன்னொரு விளைவும் உண்டு. காஃப்டா வழக்குகளில் விசாரணை பொதுவில் நடக்க வேண்டும் என்ற விதி இருந்தது, ஆரம்பக் கட்ட விசாரணையை இணையத்தில் நேரடியாகப் பார்க்க முடிந்தது. காஃப்டா விலகியதும் அந்த விதியும் போய்விட்டது. 2014-ல் நடந்த முக்கிய விசாரணை மூடிய அறைக்குள் நடந்தது.

அரசு சமரசத்துக்குப் போகாமல் கடைசிவரை வாதாடியது. அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன், செலவைக் கணக்கில் எடுத்த பிறகும். வழக்கறிஞர் செலவாக மட்டும் 1.2 கோடி டாலருக்கு மேல் போனது.

2009

வழக்குத் தொடுத்த அதே ஆண்டு, கபான்யாஸில் சுரங்கத்தை எதிர்த்தவர்கள் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். ஜூனில் சான் இசித்ரோவைச் சேர்ந்த ஆசிரியரும் பண்பாட்டு ஊழியருமான ஒருவர் காணாமல் போனார். சில நாள் கழித்து ஒரு கிணற்றில், சித்திரவதைத் தடயங்களோடு, அவர் உடல் கிடைத்தது. டிசம்பர் 20 அன்று ஒரு விவசாயி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறு நாள் கழித்து, ஆற்றில் துணி துவைத்துவிட்டுத் திரும்பிய ஒரு பெண் கொல்லப்பட்டார். எட்டு மாதக் கர்ப்பிணி. கூட இருந்த அவரது சிறு பிள்ளைக்கும் குண்டு பட்டது.

நிறுவனம் தனக்கும் இவற்றுக்கும் தொடர்பு இல்லை என்றது. காவல்துறை உள்ளூர்த் தகராறு, குண்டர் கும்பல் என்றது. முதல் கொலையில் சிலர் தண்டிக்கப்பட்டார்கள். ஏவியவர் யார் என்ற கேள்விக்குள் விசாரணை போகவில்லை.

அந்த அறைக்குள் யார்

நடுவர் மன்றத்தில் இரண்டு தரப்புதான், நிறுவனமும் அரசும். தண்ணீர் குடிப்பவர்கள் ஒரு தரப்பு இல்லை. மேசை 2011-லும் பிறகும் 'மன்றத்தின் நண்பர்' என்ற முறையில் எழுத்து மூலம் வாதத்தைக் கொடுத்தது. அதாவது, மன்றம் விரும்பினால் படிக்கலாம். இறுதித் தீர்ப்பு அந்த வாதத்துக்குள் போகத் தேவையில்லை என்று விட்டுவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குக் கொக்கட்டிச்சோலை நினைவுக்கு வந்தது. 1987 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்தில், கொக்கட்டிச்சோலைப் பகுதியில் இருந்த ஓர் இறால் பண்ணையை இலங்கைப் படைகள் தாக்கி அழித்தன. பண்ணைப் பணியாளர்கள் இருபது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். சுற்றுப்புறத்தில் இறந்த தமிழர்கள் அதற்கும் பல மடங்கு. அந்தப் பண்ணையில் பங்கு வைத்திருந்த ஹாங்காங் நிறுவனம் ஒன்று, பிரிட்டனுக்கும் இலங்கைக்கும் இடையே 1980-ல் ஆன முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி இதே இக்சிட்டுக்குப் போனது. 1990 ஜூனில் 4,60,000 டாலர் இழப்பீடு வாங்கியது. முதலீட்டு ஒப்பந்தம் ஒன்றை மட்டும் அடிப்படையாக வைத்து இக்சிட்டில் தீர்ப்பான முதல் வழக்கு அதுதான். இறந்த பணியாளர்களின் குடும்பங்களுக்கு அந்த மன்றத்தில் நிற்க இடமே கிடையாது. இறாலுக்கும் குளத்துக்கும் இழப்பீடு கேட்க ஒரு மன்றம் இருந்தது. ஆட்களுக்கு இல்லை. எல் சல்வடோருக்கு இருபது ஆண்டு முன்பே, ஒரு தமிழ் மண்ணில், இந்த முறை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டது.

வழக்கு நடக்கும்போதே ஊர்களில்

வாஷிங்டனில் வழக்கு இழுத்துக்கொண்டிருக்க, தடைச் சட்டம் சான் சல்வடோரில் நகரவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்போது தடை போட்டால் அதையே நிறுவனம் ஆதாரமாகக் காட்டும் என்று சட்டமன்றத்தினர் தயங்கினார்கள். இந்த வழக்குகளின் மிகப் பெரிய தீமை இதுதான் என்பேன். இழப்பீட்டுத் தொகை அடுத்தபடி. தீர்ப்பே வராமல், வழக்கு இருக்கிறது என்பதே ஒரு நாட்டின் சட்டமன்றத்தை ஏழு ஆண்டுக்கு மேல் கட்டிப்போட்டது.

மேலே வழி அடைபட்டதால் கீழே இருந்து தொடங்கினார்கள். நகராட்சிச் சட்டத்தில் மக்கள் வாக்கெடுப்புக்கு இடம் இருந்தது. போதிய குடியிருப்பாளர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் நகராட்சி நடத்தியாக வேண்டும். 2014 செப்டம்பரில் சலதெனாங்கோ மாவட்டத்தின் சான் ஹோசே லாஸ் ஃப்ளோரெஸ் ஊரில் முதல் வாக்கெடுப்பு நடந்தது. 99 சதவீதம் பேர் சுரங்கம் வேண்டாம் என்றார்கள். அடுத்தடுத்து மற்ற ஊர்களும் நடத்தின. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் சுரங்கத்தைத் தடை செய்தது.

இதற்கிடையே 2013-ல் இரண்டு மாற்றங்கள். அரசு ஒருவழியாக முதலீட்டுச் சட்டத்தைத் திருத்தி அந்தப் பின்கதவை மூடியது, ஆனால் நடந்துகொண்டிருந்த வழக்குக்கு அது பயன்படவில்லை. பணம் தீர்ந்து தடுமாறிய பசிபிக் ரிம்மை ஓசியானாகோல்ட் என்ற ஆஸ்திரேலிய-கனடா நிறுவனம் வாங்கியது. சுரங்கத்தோடு வழக்கையும் சேர்த்துத்தான் வாங்கியது.

தீர்ப்பும் சட்டமும்

2016 அக்டோபர் 14. மூன்று நடுவர்களும் ஒருமனதாக நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளினார்கள். அரசின் செலவுக்காக 80 லட்சம் டாலர் தர வேண்டும் என்றும் சொன்னார்கள்.

காரணத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நிறுவனம் சுரங்க உரிமம் கேட்ட பரப்பு 12.75 சதுர கிலோமீட்டர். அந்தப் பரப்பு முழுவதற்கும் நில உரிமையோ, உரிமையாளர்களின் ஒப்புதலோ காட்ட வேண்டும் என்று சுரங்கச் சட்டம் சொன்னது. நிறுவனத்திடம் இருந்தது அதில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும். மற்ற நிலங்களுக்கு ஒப்புதல் கைக்கு வரவில்லை. பூமிக்கடியில் தோண்டுவதற்கு மேலே உள்ள எல்லோரிடமும் கேட்கத் தேவையில்லை என்று நிறுவனம் வாதாடியது. சட்டத்தையே மாற்றவைக்கவும் முயன்றது, நடக்கவில்லை. உரிமம் பெறும் தகுதியே இல்லாதபோது, உரிமம் தரவில்லை என்று நட்டம் கேட்க முடியாது. தீர்ப்பு அவ்வளவுதான். நாடு தன் தண்ணீரைக் காக்க மறுப்புச் சொல்லலாமா என்ற கேள்விக்கு மன்றம் பதில் சொல்லவில்லை. காகிதங்கள் ஒழுங்காக இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கக் கூடும்.

ஆனால் அந்தக் காகிதங்கள் ஏன் இல்லை என்று யோசித்தால் மனது வேறு பக்கம் போகிறது. சின்னச் சின்னத் துண்டு நிலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பம். மன்றம் அந்தக் குடும்பங்களை அறைக்குள் விடவில்லை, அவர்கள் வாதத்தைக் கேட்கவில்லை. கடைசியில் அரசைக் காப்பாற்றியது அவர்கள் போடாத கையெழுத்து.

தீர்ப்பு வந்ததும் மேசை ஒரு நாளும் வீணாக்கவில்லை. 2017 பிப்ரவரியில், முன்னவருக்குப் பின் வந்த பேராயரும் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகமும் புதிய வரைவைச் சட்டமன்றத்தில் கொடுத்தார்கள். மார்ச்சில் பேராயர் முன்னே நடக்க ஊர்வலம் போனது. 30,000-க்கு மேற்பட்ட கையெழுத்துகள் கூடப் போயின. பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு மாகாண ஆளுநர் வந்தார். அவருடைய மாகாணத்தில் ஓசியானாகோல்ட் ஏற்கனவே ஒரு சுரங்கம் நடத்திக்கொண்டிருந்தது. அதனால் தங்கள் ஊர் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதைச் சட்டமன்றக் குழுவிடம் அவரே சொன்னார். பத்து ஆண்டு முன் ஊர்க்காரர்கள் ஹோண்டுராஸுக்குப் போய்ப் பார்த்ததைப் போலத்தான் இதுவும். பார்த்தவரை இந்த முறை இங்கேயே கூட்டி வந்தார்கள்.

மார்ச் 29 அன்று 69 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். எதிர்த்து ஒருவரும் இல்லை. உலகிலேயே எல்லா உலோகச் சுரங்கத்தையும் தடை செய்த முதல் நாடு எல் சல்வடோர்.

அதற்குப் பிறகு

2024 டிசம்பர் 23 அன்று, அதிபர் நயீப் புக்கேலே கேட்டுக்கொண்டபடி, அவர் கட்சியும் கூட்டாளிகளும் 57 வாக்குகளில் அந்தத் தடையை நீக்கினார்கள். அரசே தோண்டலாம், அல்லது அரசு பங்கு வைத்திருக்கும் நிறுவனம் தோண்டலாம் என்கிறது புதிய சட்டம்.

மீண்டும் நடந்தால் எதை மாற்ற வேண்டும்

முதலில், ஒப்பந்தத்தைப் படிக்கும்போதே உள்நாட்டுச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். காஃப்டாவை எதிர்த்த கூட்டங்களில் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவும் பேசப்பட்டிருந்தால், அதைத் திருத்தும் கோரிக்கை 2013 வரை காத்திருந்திருக்காது. இந்தியாவிலும் இப்படித்தான், அடிபட்ட பிறகு விழித்துக்கொண்டார்கள். 2011-ல் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனத்திடம் தோற்ற பிறகுதான் அரசு பழைய முதலீட்டு ஒப்பந்தங்களைத் திறந்து படித்தது. 2016-ல் புதிய மாதிரி ஒப்பந்தம் போட்டு, ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுடனான பழைய ஒப்பந்தங்களை முடித்துக்கொள்ள அறிவிப்பு அனுப்பியது.

அரசு பேசாமல் இருந்ததும் தவறு. 2005-லேயே, நில ஒப்புதல் இல்லை, அறிக்கையில் தரவு இல்லை என்று காரணம் காட்டி எழுத்தில் மறுத்திருந்தால், மன்றம் பதினோரு ஆண்டு கழித்துச் சொன்னதை அரசே முதல் நாளில் சொன்னதாக இருந்திருக்கும். காரணத்தோடு சொன்ன மறுப்பை எதிர்த்து வழக்குப் போடுவது கடினம்.

தடையை வெறும் சட்டமாக விட்டது மூன்றாவது. தண்ணீரை அடிப்படை உரிமையாக்கும் அரசியல் சட்டத் திருத்தம் 2012-ல் அன்றைய சட்டமன்றத்தில் நிறைவேறியது. தேர்தலுக்குப் பின் அடுத்து வரும் சட்டமன்றமும் அதை உறுதிசெய்தால்தான் அது செல்லும் என்பது அப்போதைய விதி. உறுதிசெய்யவில்லை. 2017-ல் ஒரு எதிர்ப்பு வாக்குகூட இல்லாத அந்த நல்ல நாளில், சட்டத்தோடு இதையும் கையில் எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தாலும் இன்றைய பெரும்பான்மை அதையும் மாற்றியிருக்கலாம். ஆனால் ஒரே நாள் வாக்கெடுப்பில் முடிந்திருக்காது, ஊர்கள் திரண்டு நிற்க அவகாசம் கிடைத்திருக்கும்.

நான்காவது, முன்னணியில் நிற்பவர்களின் பாதுகாப்பு. 2009 கொலைகளுக்கு முன்பே மிரட்டல்கள் வந்துகொண்டிருந்தன. புகார் கொடுத்தார்கள். காவல் கிடைக்கவில்லை. வெளிநாட்டு ஆதரவு அமைப்புகள் வழக்குக்கும் பிரசாரத்துக்கும் நிறையச் செய்தன. அதே அக்கறை ஆட்களைக் காப்பதில் முதலிலேயே இருந்திருக்க வேண்டும். இந்தத் தேவை இன்னும் தீரவில்லை. தடை நீக்கப்படுவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பு, 2023 ஜனவரியில், சாந்தா மார்த்தாவின் தண்ணீர்ப் போராட்டத்தில் முன்னால் நின்ற ஐந்து பேரைக் கைது செய்தார்கள். போர்க்காலத்தில், 1989-ல், நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கொலைக்கான வழக்கு. 2024 அக்டோபரில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அடுத்த மாதம் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். 2025 செப்டம்பரில் மறுவிசாரணையிலும் விடுதலை.